அதிகாரியின் டைரி உட்பட

2019 மார்ச் 14, வியாழக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டு வாங்கினேன். ஆறு மணிக்குக் காபி. ஆறரைக்கு மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டேன், பதினெட்டு நிமிடம். எட்டு ஐந்துக்கு இட்லி நான்கு, தக்காளிச் சட்னி. பையில் கார்டு மெஷினுக்கான பேப்பர் ரோல் இருபது, ஸ்குரு டிரைவர் ஒன்று, டைரி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு எட்டு ஐம்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

இதை நான் டைரியைப் பார்த்து எழுதவில்லை. வேலை பார்த்த காலத்து டைரிகள் இருபத்திரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அந்த நாளின் பக்கம் இல்லை. எனவே ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். இட்லி நான்குதான் என்பதற்கு மட்டும் ஒரு சாட்சி உண்டு. அவர் பின்னால் வருவார்.

கடைகளுக்குக் கார்டு மெஷின் வைத்துக் கொடுக்கும் கம்பெனியில் திண்டுக்கல் பகுதியைப் பார்த்துக்கொண்டவன் நான். ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கினேன். என் இடத்துக்கு வந்திருக்கும் செல்வி போன மாதம் போன் செய்தாள். கடைகளை ஆய்வு செய்யும்போது நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. அதன் நான்காவது வரி இது: "வாடிக்கையாளரின் கார்டு நம்பரை எதிலும் எழுதக் கூடாது, நோட்டு, காலண்டர், பில்லின் பின்புறம், அதிகாரியின் டைரி உட்பட."

"சார், இதுல நம்ம டைரி எதுக்கு வந்துச்சு? படிச்சுக் காட்டினா கடைக்காரங்க சிரிக்கிறாங்க. நீங்கதான் எழுதுனீங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

"எழுதினது நான் இல்லம்மா. காரணம் நான்" என்றேன். மீதியைப் போனில் சொல்ல முடியவில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது.

2002இல் சேர்ந்தேன். சென்னையில் பன்னிரண்டு நாள் பயிற்சி. பதினோரு நாள் மெஷினைத் திறக்கவும் மூடவும் கற்றுக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் குழுப் புகைப்படம் எடுத்தார்கள். கடைக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதைக் கடைக்காரர்களே கற்றுக் கொடுத்தார்கள்.

வாடிக்கையாளர் கடைக்கு வந்து கார்டை நீட்டினால் சிக்கல் குறைவு. கார்டு அவர் கண் முன்னால் இருக்கும். வெளியூரிலிருந்து போனில் ஆர்டர் கொடுப்பவர்களால்தான் வேலை கூடியது. அவர்கள் கார்டு நம்பரை வாயால் சொல்வார்கள். கடைக்காரர் எழுதிக்கொண்டு, பணம் செலுத்தும் பக்கத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து, தானே எல்லாவற்றையும் நிரப்புவார். வாடிக்கையாளரின் போனுக்கு ஓடிபி வரும். அதையும் போனில் கேட்டு வாங்கிப் போடுவார். கடைக்காரர் நல்லவர், வாடிக்கையாளரும் நல்லவர், பணமும் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே இதில் என்ன தவறு என்று இருவருக்குமே விளங்காது.

வத்தலக்குண்டில் ஒரு லாட்ஜில், கொடைக்கானல் போகிறவர்கள் அறை பதிவு செய்யச் சொல்லும் கார்டு நம்பர்களைத் தினசரிக் காலண்டரில் அந்தந்தத் தேதியில் குறித்து வைத்திருந்தார்கள். தேதி முடிந்ததும் தாளைக் கிழிப்பார்கள், பக்கத்துக் கடைக்காரர் அதை வடை மடிக்க வாங்கிப் போவார். ஒட்டன்சத்திரத்தில் விதைக் கடை வைத்திருந்த ஒருவர் எழுதும் பழக்கமே இல்லாதவர். கார்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிடுவார். நான் போன நேரத்தில் கடை டிவியில் அவர் போனிலிருந்த படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பேத்தியின் காதுகுத்து, ஒரு கத்தரிச் செடி, யாரோ ஒருவரின் கார்டு முன்பக்கம், அதே கார்டு பின்பக்கம், மறுபடி பேத்தி. "ஏனுங்க, அது பாட்டுக்கு ஓடுதுங்க. நிறுத்தத் தெரியலீங்க" என்றார். நிறுத்திக் கொடுத்தேன். படங்களையும் அழிக்க வைத்தேன். இரண்டையும் அன்றன்றே டைரியில் குறித்தேன்.

டைரி எழுதுவதில் எனக்குப் பெயர் இருந்தது. என் மேனேஜர் அந்தோணிசாமி சார் கூட்டங்களில் அதைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். இவ்வளவுக்கும் அவர் லேசில் யாரையும் பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். ஏதாவது நடந்துவிட்டால் எதிரில் உட்காரச் சொல்வார். இடது கைக் கடிகாரத்தைக் கழற்றி, முள் தன் பக்கம் தெரியும்படி மேஜையில் வைப்பார். ஒரு கேள்வி கேட்பார். நாம் பதில் சொன்னதும் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். பிறகு மூன்றாவது தடவை. மூன்றாவது பதிலைத்தான் குறித்துக்கொள்வார். முதல் இரண்டு பதிலை அவர் காதில் வாங்கியதாகவே தெரியாது. கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

அந்த வியாழக்கிழமை முதல் விசிட் சின்னாளபட்டியில், ஜெசிந்தா அம்மாவின் சேலைக் கடை. மெஷினில் பேப்பர் சிக்கியிருந்தது. ஐந்து நிமிட வேலை. நான் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கடைப் போன் அடித்தது. கரூரிலிருந்து கமலா டீச்சர். ஓய்வு பெற்றவர், கடைக்குப் பல வருட வாடிக்கை. அடுத்த வாரம் அவருடைய பழைய மாணவிகள் முப்பத்திரண்டு பேர் ஒன்றுகூடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சுங்குடிச் சேலை, மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். அந்த நிறத்தில் தனியாகச் சாயம் போட்டு வாங்கி, மடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். பணம் வந்தால் வெள்ளிக்கிழமை பார்சல் போகும்.

"சொல்லுங்க டீச்சர். ம். நாலு, ஒம்பது..." ஜெசிந்தா அம்மா ஒவ்வொரு எண்ணையும் உரக்கத் திருப்பிச் சொல்லி ஆர்டர் நோட்டில் எழுதினார். கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் எண்களைக் கேட்டார்கள். "மாசம், வருசம்? சரி. இப்பக் கார்டைத் திருப்பிப் பிடிங்க. பின்னாடி மூணு நம்பர் இருக்கும்ல, அது. ஆச்சு டீச்சர். இங்க நெட்டு இல்ல. செத்த நேரத்துல வந்துரும். போட்டுட்டு ஓடிபிக்குக் கூப்புடுறேன்."

அவர் போனை வைத்ததும் என் கடமையைச் செய்தேன். இருபது நிமிடம் பேசினேன். கார்டு நம்பர், மாதம், வருடம், பின்னால் உள்ள மூன்று எண்கள் ஆகியவை ஒரே இடத்தில் இருந்தால் போதும், ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களில் எவனும் பொருள் வாங்கிவிடலாம். கேட்கும் தளமாக இருந்தாலும் டீச்சருக்குப் போன் செய்து, 'சேலைக் கடையிலிருந்து பேசுறேன்' என்று சொன்னால் அவர் ஓடிபியைச் சொல்லிவிடுவார், ஏனென்றால் அப்படிச் சொல்ல அவரைப் பழக்கியதே இந்தக் கடைதான். இதற்கு வழி இருக்கிறது. தொகையைப் போட்டு ஒரு லிங்க்கை டீச்சரின் போனுக்கு அனுப்பினால், அவர் தன் கையால் நம்பரைப் போட்டுக்கொள்வார். கடைக்குப் பணம் வந்த செய்தி மட்டும் வரும். நம்பரைக் கேட்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

"லிங்க்கா? டீச்சருக்கு எழுபது வயசு சார். கண்ணாடியத் தேடவே அரை மணி ஆகும். அவுக சொல்லுவாக, நான் எழுதிக்குவேன். ஏழு வருசமா அப்படித்தான ஓடுது."

நான் பேசிக்கொண்டே டைரியைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தேன். 'நடைமுறைத் தவறு, நேரில் கண்டது. நேரம் 11.05.' கண்டதை அரைகுறையாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. அவர் நோட்டைப் பார்த்து, ஆதாரம் என்று தலைப்பிட்டு, டீச்சரின் பெயர், பதினாறு எண்கள், மாதம், வருடம், பின்னால் உள்ள மூன்று எண்கள் அனைத்தையும் எழுதினேன். கீழே கோடு போட்டேன்.

ஜெசிந்தா அம்மா அதைப் பார்த்தார். "நீங்க மட்டும் எழுதுறீக?"

"நான் எழுதுவது ஆய்வுக்கு."

"நான் எழுதுறது யாவாரத்துக்கு. ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்குன பேனாதான் வச்சிருக்கோம்."

இதையும் குறித்துக்கொண்டேன்.

பதினொன்று நாற்பதுக்கு நிலக்கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் மல்லிகைப் பை வைத்திருந்த ஓர் அம்மா. டிக்கெட்டின் எண்ணை டைரியில் எழுதி, டைரியை இருக்கையில் வைத்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா, "இந்தப் பையைச் செத்த பிடிங்கண்ணே" என்று கொடுத்தார். ஒரு கையில் பூ, ஒரு கையில் மெஷின் பை. இறக்கிவிட்டு ஆபீசுக்கு நடந்தேன். வந்து சேர்ந்த நேரத்தை எழுதுவதற்காக டைரியைத் தேடினேன். பன்னிரண்டு இருபத்தைந்து. அந்த நேரத்தை எழுத டைரி இல்லை.

அந்தோணிசாமி சாரிடம் சொன்னேன். உட்காரச் சொன்னார். கடிகாரம் மேஜைக்கு வந்தது.

"அதுல என்ன இருந்துச்சு?"

"என் அன்றாட விவரங்கள் சார்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"இன்னைக்கு விசிட் போன விவரம்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"ஒரு கார்டு நம்பர் சார். சின்னாளபட்டி கடையோட வாடிக்கையாளருடையது."

குறித்துக்கொண்டார். "மாசம், வருசம்?"

"இருக்கு சார்."

"பின்னாடி மூணு?"

"இருக்கு."

"பேரு?"

"இன்ஷியலோட இருக்கு."

"நல்லா எழுதுவீங்க நீங்க" என்றார். அவர் குரல் மாறவில்லை. "டைரியைத் தேடுறது உங்க வேலை. கார்டை நிறுத்துறது டீச்சர் வேலை. எது முந்தி?"

டீச்சரின் போன் நம்பருக்காக ஜெசிந்தா அம்மாவை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். "தொலைஞ்சது உங்க டைரியா? என் நோட்டு இந்தா, கல்லாவுல பத்திரமா இருக்கு." பிறகு சிரிப்பு நின்றது. "சார், முப்பத்திரண்டு சேலையும் கட்டி வச்சாச்சு. கார்டு போச்சுன்னு சொன்னா டீச்சர் பயந்து ஆர்டரே வேணாம்னுருவாக. ஒரே நெறத்துல முப்பத்திரண்டு சேலைய நான் யாருக்கு விக்க? வேற டீச்சருக்கு எங்க போக?"

"சொல்லாமல் இருக்க முடியாதும்மா."

"நம்பரத் தாரேன். ஆனா நீங்களே பேசுங்க. தொலைச்சது நீங்க."

சாரின் முன்னால், போனை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன்.

"வணக்கம்மா. சின்னாளபட்டி சேலைக் கடை விஷயமாப் பேசுறேன்."

"ஓடிபிதானே? இன்னும் வரலையே. நம்பர் தப்பாப் போட்டுட்டீங்களா? இருங்க, கார்டை எடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம்மா, நான்..."

"எடுத்துட்டேன். எழுதிக்கோங்க. நாலு, ஒன்பது..."

"சொல்லாதீங்கம்மா."

"மெதுவாச் சொல்லணுமா? நாலு. ஒன்பது."

அந்தோணிசாமி சார் போன் பக்கம் குனிந்தார். "டீச்சர், நிறுத்துங்க" என்றார், வகுப்பில் சொல்வதைப் போல. டீச்சர் நிறுத்தினார்.

நான் யார், டைரியில் என்ன எழுதினேன், எங்கே விட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். டீச்சர் சொன்னார்: "நீங்க யாருன்னு நான் கேக்கவே இல்லையே. தெரியாதவங்க எது கேட்டாலும் சொல்லாதேன்னு பிள்ளைங்களுக்கு முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தவ நான்." அதோடு விடவில்லை. "அப்ப இதை மட்டும் எப்படி நம்புறது? கார்டை நிறுத்தச் சொல்ற நீங்களும் தெரியாதவங்கதானே?"

சார் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தெரிந்தது. "நம்பாதீங்க டீச்சர். எங்க கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. கார்டுக்குப் பின்னால பேங்க் நம்பர் அச்சடிச்சிருக்கும். போனை வச்சுட்டு, அந்த நம்பருக்கு நீங்களாக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்க."

டீச்சர் போனை வைத்தார். ஆர்டர் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை.

ஒன்று ஐம்பதுக்கு என் போன் அடித்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கண்டக்டர். டைரியின் முதல் பக்கத்தில் பெயர், முகவரி, போன், ரத்த வகை, செருப்பு அளவு எல்லாம் நிரப்பி வைப்பது என் வழக்கம்.

"அண்ணே, ஒரு டைரி கெடக்கு. உங்களுதா?"

"என்னுடையதுதான். இதோ வருகிறேன்."

"செத்த இருங்கண்ணே. ஆளு சரியான்னு பாக்கணும்ல. போன மாசம் ஒருத்தன் குடையை மாத்தி வாங்கிட்டுப் போயிட்டான். இன்னைக்கு எழுதுன பக்கத்துல ஒரு நம்பரு இருக்கு, பெருசா. கீழ கோடெல்லாம் போட்டிருக்கீக. நாலு, ஒம்பது..."

பின்னணியில் பஸ் ஸ்டாண்ட் முழுதும் இருந்தது. தேனி, பழனி என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"படிக்காதீங்க!"

"அப்ப நீங்க சொல்லுங்க. நான் ஒத்துப் பாக்குறேன்."

"சொல்லவும் கூடாது. வேறு எதையாவது கேளுங்கள்."

காகிதம் புரளும் சத்தம். "காலைல என்ன சாப்டீக?"

"இட்லி."

"எத்தன?"

"நான்கு."

"தொட்டுக்க?"

"தக்காளிச் சட்னி."

"சரியா இருக்கு. வந்து வாங்கிக்கங்க."

போய் வாங்கிக்கொண்டேன். டைரி தொலைந்திருந்த நேரம், பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து, கிட்டத்தட்ட இரண்டு மணி. அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு எண்களைக் கண்டக்டரே உரக்க வாசித்திருக்கிறார். டைரி கிடைத்துவிட்டதால் டீச்சரின் கார்டை நிறுத்த வேண்டாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. சாரிடம் சொல்லவில்லை. அவர் கேட்காமலே, "கெடைச்சாலும் நிறுத்துனது நிறுத்துனதுதான்" என்றார்.

இரண்டு நாற்பதுக்கு ஜெசிந்தா அம்மா போன் செய்தார். டீச்சர் கார்டை நிறுத்திவிட்டாராம். புதியது வர ஒரு வாரம் ஆகுமாம். "பென்சன் கணக்குல இன்னொரு கார்டு வச்சிருக்காகளாம். ஆனா அதை என்கிட்டச் சொல்ல மாட்டாகளாம், சார். ஏழு வருசத்துல இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"ரொம்ப நல்லது."

"உங்களுக்கு நல்லது. இங்க சேலை கெடக்கு."

அடுத்த பஸ்ஸில் மறுபடி சின்னாளபட்டி. நெட் வந்திருந்தது. அவர் போனில் தொகையைப் போட்டு, டீச்சரின் நம்பரைப் போட்டு, லிங்க் அனுப்ப வைத்தேன். அனுப்பும் பொத்தானை அவர் இரண்டு தடவை அழுத்தப் பார்த்தார், நான் தடுத்தேன். டீச்சரைக் கூப்பிட்டோம்.

"டீச்சர், ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல என் கடை பேரு இருக்கா?"

"இருக்கு."

"தொகை?"

"நீ சொன்னதுதான். சரி ஜெசி, நீ போனை வை."

"நான் லைன்ல இருந்து சொல்லித் தாரேன் டீச்சர்."

"நம்பர் போடுறப்ப பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது. போன்லயும்தான். வை."

வைத்தார். பேனாவைக் கையில் எடுத்தார். எழுத ஒன்றும் இல்லாததால் கல்லா மேல் வைத்தார். நான் ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்காவது நிமிடம் அவர் போனில் ஒரு சத்தம். பணம் வந்துவிட்ட செய்தி. அதில் கார்டின் கடைசி நான்கு எண்கள் மட்டும் இருந்தன, மற்ற இடத்தில் புள்ளிகள்.

"கண்ணாடியத் தேடவே இல்ல போல" என்றார். பிறகு சேலைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு, "என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே சார்" என்றார். அது நிம்மதியா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. பார்சல் மறுநாள் போயிற்று.

அவருடைய ஆர்டர் நோட்டை ஒழிக்க மூன்று நாள் ஆயிற்று. முகவரியையும் யாருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதையும் புது நோட்டில் எழுதிக்கொண்டு, பழையதைப் பின்புறம் இருந்த சாயப் பட்டறையில் வெந்நீர் அண்டாவுக்குக் கீழே எரிகிற அடுப்பில் வைத்தார். அவர் போனில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகிக்கொண்டிருந்ததும் அன்றுதான் தெரிந்தது. ஏழு வருடமாக யார் யார் சொன்ன நம்பரோ என்று பயந்தோம். போன் வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதையும் அழித்து நிறுத்தினோம். இதைப் படிக்கும் கடைக்காரர்கள் தங்கள் போனை இப்போதே பார்ப்பது நல்லது.

அந்த வியாழன் மாலை ஆறு மணிக்கு அந்தோணிசாமி சார் என்னைக் கூப்பிட்டார். கடிகாரம் இன்னும் மேஜையிலேயே இருந்தது.

"பழைய டைரி எத்தனை இருக்கு?"

"பதினேழு சார்."

"எத்தனை இருக்கு?"

"பதினேழு. எல்லாம் அலமாரியில், பூட்டி."

"எத்தனை இருக்கு?"

அவர் கேட்பது எண்ணிக்கை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. "தெரியலை சார். பார்க்கணும்."

குறித்துக்கொண்டார். ஆய்வுப் படிவத்தை எடுத்து, நான்காவது வரியின் கடைசியில் மூன்று வார்த்தைகளைத் தன் கையால் சேர்த்தார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். பால் வாங்குவதற்கு முன்பாக, வியாழக்கிழமையின் பக்கத்தைத் தையலை ஒட்டி பிளேடால் வெட்டி எடுத்து, கேஸ் அடுப்பில் எரித்தேன். பழைய கார்டுகள் காலாவதி ஆகியிருக்கும் என்பதால் கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கிப் பார்ப்பதென்று முடிவு செய்து, 2018ஆம் ஆண்டு டைரியை எடுத்தேன். ஆறு பத்துக்கு முதல் நம்பர் கிடைத்தது. கடைக்காரர்கள் கூட்டம் ஒன்றில் மெஷினை இயக்கிக் காட்டிய நாள். மாதம், வருடம், பின்னால் மூன்று எண்கள், கீழே கோடு. கார்டு இன்னும் இரண்டு வருடம் செல்லும். பெயர் அந்தோணிசாமி, இன்ஷியலோடு.

அவருக்குப் போன் செய்தேன். அதில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு தடவைதான் கேட்டார்.